விரல் லீவு

அம்சவேணிக்கு விரல் போனது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை போனது வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மூத்தவள் யாழினி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஓசூருக்கு வெளியே, கார்களுக்குக் கதவுக் கீல் அடித்துக் கொடுக்கும் பிரஸ் கம்பெனி ஒன்றில் அம்சவேணி காண்ட்ராக்ட் தொழிலாளி. தகட்டை எடுத்து டை என்கிற அச்சில் வைக்க வேண்டும். பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கி அடித்துவிட்டு ஏறும். கீலை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒருநாள் கை வெளியே வருவதற்குள் கால் மிதித்துவிட்டது. அது உண்மையான விபத்து. யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. மீட்பு மருத்துவமனையில் கையில் விரல் வளர்க்கும் கூடு மாட்டி அனுப்பினார்கள். ஏழு மாதத்தில் இரண்டு விரலும் முளைத்து வந்தன. ரேகை மட்டும் பழைய ரேகையாக இல்லை. ரேஷன் கடைக்காரர் நாலைந்து தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "மெஷினுக்கு நீ யாருன்னே தெரியலையாம்மா" என்று சிரித்தார்.

இந்தத் தடவை இடது கை. மோதிர விரலும் சுண்டு விரலும். இந்தத் தடவை கேள்வி கேட்க ஓர் ஆள் வந்தது.

ஷகிலா பானு, உறுப்பு மீட்பு வாரியத்தின் விசாரணை அதிகாரி. வாணியம்பாடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். விரல்கள் வளராத காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அப்போதெல்லாம் கட்டைவிரலுக்கு இவ்வளவு, சுண்டு விரலுக்கு இவ்வளவு என்று அட்டவணை பார்த்து நஷ்டஈடு எழுதுவார்கள். கூடு வந்த பிறகு அந்த அட்டவணை போய்விட்டது. இழப்பே இல்லை என்றான பிறகு இழப்பீடு எதற்கு?

முதலில் கம்பெனிக்குத்தான் போனார். மனிதவள மேலாளர் பத்ரிநாத் அவரை பிரஸ் வரிசைக்கு அழைத்துப்போனார். இருபது இயந்திரங்களும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. பேச்சுக் கேட்கவேண்டுமென்றால் காதருகே வாயை வைக்க வேண்டும். இயந்திரத்தின் இரண்டு பக்கமும், கை உள்ளே வந்தால் தானே நிறுத்திவிடும் சென்சார்கள் இருந்தன. எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"ஏன் சார், சென்சாருக்குக் கண்ணைக் கட்டி வச்சிருக்கீங்க?"

பத்ரிநாத் மறைக்கவில்லை. "அது இருந்தா வேகம் போயிடும் மேடம். முன்னாடி பயம் இருந்துச்சு. ஒரு விரல் போனா ஆயுசுக்கும் போச்சு. கேசு, கோர்ட்டு, பேப்பர்ல பேரு. இப்பதான் வளருதே."

"வலிக்குமே."

"வலிக்கும். நான் இல்லேங்கலை. அதுக்குத்தானே முக்கால் சம்பளத்தோட ஏழு மாசம் லீவு குடுக்குது வாரியம். கையை நனைக்கக் கூடாது, அசைக்கக் கூடாது, வீட்டுல உக்காந்து சாப்பிடணும். எனக்கே அப்படி ஒரு லீவு கிடைச்சதில்லை மேடம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு ஷகிலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கேமரா பதிவைக் கேட்டார் ஷகிலா. கொடுத்தார்கள்.

அறையில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார். அம்சவேணி தகட்டை வைக்கிறாள். பெடலை மிதிக்கிறாள். எடுக்கிறாள். மறுபடியும். மறுபடியும். பிறகு ஒருமுறை நின்று, இடது கையை மட்டும் நீட்டி இயந்திரத்துக்குள் வைக்கிறாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் உள்ளங்கைக்குள் மடக்கியிருக்கிறாள். இரண்டு விரல் மட்டும் நீண்டிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஷகிலா அதற்கு மேல் பார்க்கவில்லை. விபத்தில் யாரும் விரலை எண்ணி வைப்பதில்லை.

*

மீட்பு மருத்துவமனையில் பெண்கள் பிரிவு நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் கூடு. பார்க்கப் பனங்காய் அளவில், பாலின் நிறத்தில், மணிக்கட்டு வரை மூடிய ஓர் உறை. உள்ளே வெதுவெதுப்பாகக் கூழ் ஓடிக்கொண்டிருக்கும். அம்சவேணி மூலைக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூடு போட்ட கையைத் தலையணைமேல் வைத்துவிட்டு, வலது கையால் குழந்தையை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்து ஆண் குழந்தை. அவள் கணவன் லோகு, லோடு ஆட்டோ ஓட்டுபவன், ஷகிலாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"எப்படிம்மா ஆச்சு?"

"தூக்கங்க மேடம். ராத்திரியெல்லாம் குழந்தை அழுதான். கண்ணு சொக்கிடுச்சு." பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு.

ஷகிலா கைப்பேசியில் அந்தப் பதிவைக் காட்டினார். அம்சவேணி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடினாள், அவன் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

லோகுதான் பேசினான். "மேடம், விபத்துன்னு எழுதிட்டுப் போயிடுங்க. உங்க கால்ல விழறேன். எல்லா ஆபீசரும் அப்படித்தானே எழுதறாங்க."

"நானும் எழுதியிருக்கேன்ப்பா. பல தடவை எழுதியிருக்கேன்." ஷகிலா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன மாசம் ஒரு பொண்ணைப் பார்த்தேன். அவளுக்கு மூணாவது தடவை. கூட்டைக் கழட்டினா உள்ள ஒண்ணுமே இல்லை. மொட்டையா இருந்துச்சு. டாக்டரைக் கேட்டா, மறுபடி மறுபடி கேட்டா ஒடம்பு எங்கிருந்து குடுக்கும்ங்கறாரு. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. சொல்லும்மா. ஏன் இப்படிப் பண்ணினே?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இவன் புட்டிப்பால் குடிக்க மாட்டேங்கறான் மேடம்," என்றாள் அம்சவேணி. "நாப்பது நாள்ல வேலைக்குப் போயிட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டுப் போவேன். காலைல போனா ராத்திரி வருவேன். அவ்வளவு நேரமும் எதையும் குடிக்காம அழுது அழுது துணியாட்டம் துவண்டு கிடப்பான். அங்க மெஷின்கிட்ட நின்னா எனக்குப் பால் கட்டிக்கும். கோட்டு நனைஞ்சு போகும். சூப்பர்வைசர் என்ன நாத்தம்னு கேப்பான். பாத்ரூம்ல போயிப் பீய்ச்சி விட்டுட்டு வருவேன். பிள்ளை அங்க காய்ஞ்சு கிடக்குது, நான் இங்க சாக்கடையில விடறேன்."

"பிரசவ லீவு சட்டத்துல இருக்கே."

"சட்டத்துல இருக்குங்க. காண்ட்ராக்ட்ல இல்ல. வருசம் முடியறதுக்குள்ள பேரை எடுத்துட்டு மறுபடி புதுசா சேர்ப்பாங்க. வயிறு தெரிஞ்சா சேர்க்க மாட்டாங்க. ஏழு மாசம் வரைக்கும் பெரிய கோட்டு போட்டு மறைச்சேன். அப்புறம் நின்னுட்டேன். பெத்துட்டுப் போயி புது ஆளாத்தான் சேர்ந்தேன். புது ஆளுக்கு என்ன லீவு?" அவள் கூடு போட்ட கையைப் பார்த்தாள். "ஆனா விரல் போனா பேரை எடுக்க முடியாது. கூடு கழட்டற வரைக்கும் நான் கம்பெனி ஆளு. அது உங்க சட்டம்தானே மேடம்?"

அந்த விதியை எழுதிய குழுவில் ஷகிலாவும் இருந்தார். நல்ல விதி என்று அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"யாழினிக்கு ஒரு வயசு நடக்கறப்ப முதல் தடவை அடிபட்டுச்சு. அந்த ஏழு மாசமும் நான் வீட்டுல இருந்தேன். அவ நடந்ததைப் பார்த்தேன். பேசினதைக் கேட்டேன். எங்க லைன்ல எந்தப் பொம்பளைக்கு மேடம் அது கிடைக்குது? அப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. விரல் லீவுன்னு பேரே வச்சுட்டாங்க. மூணு விரல் இருந்தாப் பிள்ளையைப் பிடிச்சுக்கலாம், அதனால கடைசி ரெண்டைக் குடுன்னு சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

அம்சவேணி குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்தாள். ஷகிலா மறுபடி கேட்கவில்லை.

*

அன்று சாயங்காலம் ஷகிலா வாரியத்தின் இணை ஆணையர் தேவசகாயத்திடம் பேசினார். தேவசகாயம் கெட்டவர் இல்லை. ஷகிலா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். நடுவில் ஒருமுறை "அடப்பாவமே" என்றார்.

"விபத்துன்னு எழுதினா இதுவும் மத்ததோட போயிடும் ஷகிலா. அந்தப் பொண்ணு வாயாலேயே சொன்னதா வாங்கிட்டு வாங்க. ஏன் செஞ்சா, எதனால செஞ்சா, எல்லாத்தையும் எழுதுங்க. அமைச்சர் கூட்டத்துல நானே வைக்கறேன். காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் பிரசவ லீவை வாரியமே குடுக்கணும்னு கேப்போம். கேக்க இதைவிட நல்ல கேசு கிடைக்காது."

"ஆனா தானே செஞ்சுக்கிட்டதுன்னா அவளுக்கு எதுவும் கிடையாதே சார். கூட்டைக் கழட்டிடுவாங்களே."

"நான் இருக்கேன்ல? விதிவிலக்கு வாங்கிடலாம்."

மறுநாள் ஷகிலா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். லோகு வேண்டவே வேண்டாம் என்றான். அவன் அவரை வாசல் வரை தனியாக அழைத்துப்போய், "மேடம், நாங்க சின்ன ஆளுங்க. எங்களை வச்சுச் சட்டத்தை மாத்தாதீங்க" என்று சொன்னான். ஷகிலா திரும்பி உள்ளே வந்தபோது அம்சவேணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் சொன்னா, இனிமே வேற யாரும் விரலைக் குடுக்க வேண்டாமா மேடம்?"

"அதுக்குத்தாம்மா கேக்கறேன்."

"எனக்கு?"

"உனக்கு நான் இருக்கேன்."

அம்சவேணி சொன்னாள். ஷகிலா எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சிறந்த அறிக்கை அதுதான். பால் கட்டியதை எழுதினார். நனைந்த கோட்டை எழுதினார். சென்சார்மேல் ஒட்டிய கறுப்பு டேப்பை எழுதினார். இந்தக் காயத்தை அவள் தனக்குத்தானே செய்துகொண்டாள் என்றாலும், அதைச் செய்யவைத்தது வேலைதான், ஆகவே இது வேலையில் ஏற்பட்ட காயமே என்று முடித்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

*

மூன்று மாதம் கழித்துத் தேவசகாயம் போன் செய்தார். குரலில் உற்சாகம் இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று அதில் குறைந்திருந்தது.

"உங்க அறிக்கையை அமைச்சர் முழுசாப் படிச்சாராம் ஷகிலா. கண்ணு கலங்கிட்டாராம். விதியைத் திருத்திட்டாங்க."

"லீவு குடுக்கறாங்களா சார்?"

"லீவு… அது நிதித்துறை ஒத்துக்கலை. இது வேற மாதிரி. குழந்தை பெத்து ரெண்டு வருசம் ஆகாத பெண்களை பிரஸ் மெஷின்ல நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. அவங்க தங்களையே காயப்படுத்திக்கிற அபாயம் அதிகம்னு உங்க அறிக்கையைத்தான் அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. மீறினாக் கம்பெனிக்கு அபராதம்."

ஷகிலா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவங்களுக்கு வேலை?"

"வேற வேலை குடுக்கலாமே. அது கம்பெனி இஷ்டம்."

"அம்சவேணிக்கு விதிவிலக்கு?"

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன் ஷகிலா."

கூட்டைக் கழட்டிய நாளில் ஷகிலா போயிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. நர்ஸ் குழாயைப் பிடுங்கினாள். கூழ் வடிந்தது. உறையைக் கத்தரித்து எடுத்தபோது உள்ளிருந்து இரண்டு விரல்கள் வெளியே வந்தன. வாழைப்பூ மடலைப் பிரித்தால் உள்ளே வெளிறிய பிஞ்சுகள் இருக்குமே, அப்படி. நகம் இல்லை. எலும்பு இன்னும் கெட்டியாகவில்லை. மருந்து நின்றுவிட்டால் இதற்கு மேல் வளராது என்றாள் நர்ஸ், யாரையும் பார்க்காமல்.

குழந்தை அம்மாவின் மடியில் இருந்தான். புதிதாக ஏதோ தெரிகிறதே என்று கையை நீட்டி அதைப் பிடித்தான். அவன் விரலும் அவள் விரலும் ஒரே அளவில் இருந்தன.

அம்சவேணி வலியில் பல்லைக் கடித்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஷகிலா நான்கைந்து இடங்களில் சொல்லிப் பார்த்தார். கையைப் பார்த்ததும் எல்லோரும் யோசித்தார்கள். அந்த இரண்டு விரலும் எதையும் தாங்கவில்லை. எதில் பட்டாலும் உயிர் போகிற மாதிரி வலித்தது. கடைசியில் அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கப் போனாள்.

ஒருமுறை ஷகிலா அவர்கள் வீட்டுக்குப் போனார். லோகு அவரைப் பார்த்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அம்சவேணி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை மூன்று விரலால் பிடித்திருந்தாள். குழந்தை தரையில் தவழ்ந்து வந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலைம்மா."

"நீங்க நல்லவங்கதான் மேடம்," என்றாள் அம்சவேணி. கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு பொய் எழுதியிருக்கலாம்."

ஷகிலா டீயைக் குடித்து முடித்தார். பாதியில் வைத்துவிட்டுப் போனால் அவள் தப்பாக நினைப்பாள் என்று தோன்றியது.

*

அடுத்த வருடம் வாரியம் விபத்தே நடக்காத தொழிற்சாலைகளுக்கு விருது கொடுத்தது. அந்தப் பிரஸ் கம்பெனியும் விண்ணப்பித்திருந்தது. நேரில் பார்த்துச் சான்று தரவேண்டிய பொறுப்பு ஷகிலாவுக்கு வந்தது.

பத்ரிநாத் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வருசம் பூரா ஒரு விரல் போகலை மேடம். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

இருபது இயந்திரங்களும் அடித்துக்கொண்டிருந்தன. சென்சார்கள்மேல் டேப் அப்படியே இருந்தது. எல்லா இயந்திரத்திலும் பெண்கள்தான். எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள். பழைய முகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கைகள் முழுசாக இருந்தன. ஷகிலா ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"ஆம்பளைங்களை எடுக்கலையா?"

"அவங்க சங்கம் கிங்கம்னு போயிடுவாங்க மேடம். இவங்க கை வேகமும் வேற."

"இவங்களும் நாளைக்குப் பிள்ளை பெத்துக்குவாங்களே. உத்தரவு இருக்கே?"

"மாட்டாங்க மேடம்," என்றார் பத்ரிநாத், கவலைப்பட வேண்டாம் என்று சமாதானப்படுத்தும் குரலில். "சர்டிஃபிகேட் கொண்டு வந்தவங்களைத்தான் எடுக்கறோம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலை. அவங்களே போயிப் பண்ணிட்டு வர்றாங்க. டவுன்ல ஆஸ்பத்திரி இருக்கு."

"என்ன பண்ணிட்டு வர்றாங்க?"

கைப்பேசி அடிக்க, பத்ரிநாத் அதை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

இடைவேளை மணி அடித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கை கழுவும் இடத்தில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்து நின்றிருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும்.

"ஒடம்பு முடியலையாம்மா?"

"இல்லீங்க மேடம். நின்னுக்கிட்டே இருந்தா இழுக்குது. போன மாசம்தான் எடுத்தாங்க. போகப் போகச் சரியாயிடும்னாங்க."

"எதை எடுத்தாங்க?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "கர்ப்பப்பையைங்க. டியூப்பை மட்டும் கட்டினா கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க. அதை அவுத்துக்கலாமாம். எனக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, அது போதும்னு வீட்டுல சொல்லிட்டாங்க."

அவள் பெயர் குணவதி. அரூர்ப் பக்கம். ஷகிலாவின் கழுத்தில் தொங்கிய வாரிய அட்டையை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகத்தில் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"மேடம், நீங்க அந்த விரல் வளர்க்கற ஆபீசுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இதுவும் வளருமா மேடம்? கூடு மாதிரி ஏதாவது வச்சு?"

என்றாவது ஒருநாள் வளரும் என்று சொல்லலாமா என்று ஷகிலா நினைத்தார். ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லலாம். ஒரு பொய் சொல்லலாம். அம்சவேணியின் வீட்டில் குடித்த டீ நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் பழகியபடியே உண்மையைச் சொல்லிவிட்டது.

"இல்லைம்மா. அது வளராது."

குணவதி பெருமூச்சு விட்டாள். அழப்போகிறாள் என்று ஷகிலா நினைத்தார். அவள் கையைக் கழுவி, கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

"அப்பச் சரிங்க மேடம்," என்றாள் நிம்மதியாக. "வளரும்னா மறுபடியும் எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க."